பின்னால் போகத் தெரிந்தவன்: பனி ஹாக்கியில் ஒரு தற்காப்பு வீரர் எப்படி உருவாகிறார்?

சென்ற மே மாதம் ஒரு மதியம். காட்பாடியில் எங்கள் வீட்டுக் கூடத்து மின்விசிறி அனலைத்தான் சுழற்றிக்கொண்டிருந்தது. என் தங்கை கைப்பேசியை நீட்டினாள். கனடாவில் இருக்கும் அவள் பேரன் ஆடுகிற காணொளி. வெள்ளை வெளேரென்ற பனித்தளத்தில் தலைக்கவசமும் மட்டையுமாகப் பத்துப் பேர் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். அதில் நம் பிள்ளை எவன் என்று கண்டுபிடிக்கவே அரை நிமிடம் ஆனது. கண்டுபிடித்த பிறகு தங்கை கேட்டாள்: "ஏன் அண்ணா, எதிராளி பந்தோடு வரும்போதெல்லாம் இவன் பின்னாலேயே போகிறானே, பயப்படுகிறானா?"

அதே வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வேறொரு செய்தி ஓடிக்கொண்டிருந்தது. "பையனை டிராஃப்டில் எடுத்துவிட்டார்கள். அடுத்த வருடம் என்.எச்.எல்.!" குடியாத்தத்தில் இருக்கும் தங்கையின் மைத்துனர் ஒரு படி மேலே போய், சம்பளம் டாலரில் எவ்வளவு என்று விசாரித்திருந்தார். என்.எச்.எல். என்பது பனி ஹாக்கியின் உச்ச லீக்; டிராஃப்ட் என்பது அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் முறை. பையனுக்கு அப்போது பதினைந்து வயது.

இரண்டுமே தவறான புரிதல்கள். பின்னால் போவது பயம் அல்ல. டிராஃப்டில் எடுத்தது வேலை அல்ல. முப்பத்தொரு வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்து, கபடி அணிகளைப் பழக்கியவன் நான். பனியில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டைத் தவிர வேறெங்கும் பனிக்கட்டியைப் பார்த்ததும் இல்லை. ஆனால் இந்தப் பிள்ளைக்காக ஓராண்டாக இந்த ஆட்டத்தைப் பார்த்தும் படித்தும் வருகிறேன். எனக்கு விளங்கியதை, எனக்கு விளங்கிய வழியிலேயே சொல்கிறேன்.

பனித்தளத்தில் யார் யார்

நம் ஊரில் ஹாக்கி என்றால் புல்தரையும் பந்தும்தான் நினைவுக்கு வரும். இது வேறு ஆட்டம். தளம் சுமார் 200 அடி நீளம், 85 அடி அகலம். சுற்றிலும் இடுப்புக்கு மேல் உயரமான பலகைச் சுவர். பந்து கிடையாது. 'பக்' என்ற கறுப்பு ரப்பர் வில்லை. 3 அங்குல விட்டம், 1 அங்குலத் தடிமன், 170 கிராம் வரை எடை. பனியில் துள்ளாமல் வழுக்க வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன் அதையே உறைய வைப்பார்கள். கோல் சட்டம் 6 அடி அகலம், 4 அடி உயரம் மட்டுமே.

ஓர் அணியில் ஒரே நேரத்தில் ஆறு பேர் தளத்தில் இருப்பார்கள். கோல்கீப்பர் ஒருவர், முன்கள வீரர்கள் மூவர், அவர்களுக்குப் பின்னால் தற்காப்பு வீரர்கள் இருவர். நம் பையன் அந்த இருவரில் ஒருவன்.

ஆளை மாற்றிக்கொண்டே இருப்பது இந்த ஆட்டத்தின் இயல்பு. ஒருவர் தளத்துக்குள் இறங்கி, ஆடி, வெளியேறி இருக்கையில் உட்காரும் ஒரு முறைக்கு 'ஷிஃப்ட்' என்று பெயர். ராணிப்பேட்டை பெல் தொழிற்சாலையில் வேலை பார்த்த என் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஷிஃப்ட் என்றால் எட்டு மணி நேரம். இங்கே ஏறக்குறைய 45 நொடி. அதற்குமேல் முழு வேகத்தில் ஓட உடம்பு இடம் கொடுக்காது. தளத்தின் குறுக்கே இரண்டு நீலக்கோடுகள் இருக்கும். பக் நீலக்கோட்டைத் தாண்டி உள்ளே போவதற்கு முன் தாக்கும் அணியினர் யாரும் உள்ளே போகக்கூடாது. இந்த ஒரு விதியை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். தற்காப்பின் பாதிச் சூட்சுமம் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

பயம் அல்ல, இடைவெளி

தற்காப்பு என்றதும் வேலூர்க்காரர்களுக்குக் கோட்டை நினைவுக்கு வருவது இயற்கை. கருங்கல் மதில், சுற்றிலும் அகழி, அசையாமல் நிற்பது. பனி ஹாக்கியில் அப்படி நின்றால் தீர்ந்தது. முன்கள வீரர் மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் வரக்கூடும். நிற்கிறவரைச் சுற்றிக்கொண்டு போக அவருக்கு ஒரு நொடி போதும். ஆகவே கோட்டையை மறந்துவிடுங்கள். கபடிக் களத்துக்கு வாருங்கள்.

பாடிக்கொண்டு ஒருவன் உள்ளே வருகிறான். பிடிக்கிற பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? பாய்ந்து போய் விழுவதில்லை. அவன் ஓர் எட்டு வைத்தால் இவர்கள் ஓர் எட்டுப் பின்வாங்குகிறார்கள். அவன் கைக்கு எட்டாத, ஆனால் தாங்கள் பாய்ந்தால் எட்டுகிற தூரத்தில் தங்களை வைத்துக்கொள்கிறார்கள். பின்வாங்கிக்கொண்டே அவனை ஒரு மூலைப் பக்கமாகத் தள்ளுகிறார்கள். அவன் கால் மாற்றுகிற அந்த நொடியில்தான் பிடி. அவசரக்காரன் முதலில் பாய்வான், முதலில் வெளியே போவான். எத்தனை பையன்களிடம் இதைச் சொல்லித் தொண்டை வறண்டிருக்கிறது எனக்கு.

பனி ஹாக்கியில் இந்தத் தூரக் கணக்குக்குப் பெயர் 'இடைவெளிக் கட்டுப்பாடு'. எதிராளிக்கும் தனக்கும் நடுவே ஒரு மட்டை நீளம், மிஞ்சினால் இரண்டு மட்டை நீளம் இருக்கும்படி அவன் வேகத்துக்கு ஈடாகப் பின்னோக்கிச் சறுக்குவது. இடைவெளி கூடினால் எதிராளிக்குக் குறிபார்த்து அடிக்க நேரம் கிடைக்கும். குறைந்தால் ஒரே திருப்பில் தாண்டிவிடுவான். சரியான இடைவெளியோடு நீலக்கோட்டிலேயே அவனை எதிர்கொண்டுவிட்டால், உள்ளே வர வழியில்லாமல் பக்கைச் சும்மா மூலைக்கு அடித்துவிட்டு ஓட வேண்டியதுதான். பக் கைமாறுவதற்கு அதுவே பாதி வழி.

இரண்டாவது, 'ஒதுக்குதல்'. நேராக எதிரே நிற்காமல் சற்று உள்பக்கமாக நின்றுகொண்டு, வருகிறவனுக்கு வெளிப்பக்கத்தை மட்டும் திறந்து வைப்பது. அவனும் இடம் கிடைத்தது என்று அந்தப் பக்கம் போவான். போகப் போகப் பலகைச் சுவர் நெருங்கும், கோல் விலகும். அந்தச் சுவர் சம்பளம் வாங்காத மூன்றாவது தற்காப்பு வீரர்.

ஒப்பீடு முறிகிற இடத்தையும் சொல்லிவிட வேண்டும். கபடிக்காரன் செம்மண்ணில் வெறுங்காலோடு நிற்கிறான். இவன் நிற்பது ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்புத் தகட்டின்மேல். அரிவாள்மனையைக் கவிழ்த்து அதன்மேல் நின்றுகொண்டு பின்னோக்கி ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தகட்டின் அடிப்பாகம் நடுவில் லேசாகக் குழிந்திருக்கும். அதனால் உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரண்டு கூர்கள். பின்னோக்கிப் போகும்போது உள்விளிம்பால் பனியில் ஓர் அரைவட்டத்தைக் கீறித் தள்ளுவார்கள். இடது கால் ஒன்று, வலது கால் ஒன்று. எவ்வளவு பழகினாலும் பின்னோக்கிய வேகம் முன்னோக்கிய வேகத்துக்கு ஈடாகாது. ஆகவே ஏதோ ஒரு கணத்தில் உடம்பைத் திருப்பி முன்னோக்கி ஓடியாக வேண்டும். அந்தத் திருப்பம் கால் நொடி முந்தினாலும் எதிராளி உள்பக்கம் வெட்டுவான், கால் நொடி பிந்தினாலும் வெளிப்பக்கம் தாண்டுவான். பத்து வயதிலிருந்து பிள்ளைகள் அதிகாலை ஐந்து மணிக்கு அரங்கத்துக்குப் போய்ப் பழகுவது இந்தக் கால் நொடியைத்தான்.

ஒருநாள் காணொளி அழைப்பில் பையனிடம் கேட்டேன்: "எதிரே வருகிறவனிடம் நீ எதைப் பார்ப்பாய், பக்கையா?"

"இல்லை தாத்தா, அவன் மார்பை. பக் ஏமாற்றும், மட்டை ஏமாற்றும், தலைகூட ஏமாற்றும். மார்பு போகிற பக்கம்தான் அவன் போவான்."

நான் கபடிப் பிள்ளைகளிடம் இடுப்பைப் பார் என்பேன். அங்கே ஒரு சாண் மேலே ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகத் தங்கையின் கேள்விக்கு விடை இது: அவன் பின்னால் போவது எதிராளிக்கு இடம் விடுவதற்காக அல்ல. எந்த இடத்தை விடுவது, எந்த இடத்தை விடக்கூடாது என்பதைத் தானே முடிவு செய்வதற்காக.

முதுகைக் காட்டும் நொடி

இதைவிடக் கடினமான வேலை ஒன்று இருக்கிறது. பார்வையாளர் கண்ணுக்கு அது படுவதே இல்லை. எதிரணி பக்கை மூலைக்கு அடித்துவிட்டது. நம் தற்காப்பு வீரர் அதை எடுக்கப் போகிறார். பக் சுவரோரம் கிடக்கிறது; அதை எடுக்கக் குனிந்தால் முகம் சுவரைப் பார்க்கும், முதுகு களத்தைப் பார்க்கும். பின்னால் எண்பது தொண்ணூறு கிலோ எடையுள்ள ஒருவன் முழு வேகத்தில் வந்துகொண்டிருக்கிறான். இந்த ஆட்டத்தில் பக்கை வைத்திருப்பவர்மேல் உடம்பால் மோதுவது விதிக்கு உட்பட்டது.

வேலூர் கிரீன் சர்க்கிளில் இரு சக்கர வண்டியை வலப்பக்கம் திருப்புகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? தேர்ந்த ஓட்டுநர் திரும்புகிற இடத்தில் பின்னால் பார்க்க மாட்டார். அதற்கு முன்பே கண்ணாடியில் இரண்டு முறை பார்த்து, எந்த லாரி எங்கே வருகிறது என்று மனத்தில் குறித்துக்கொண்டிருப்பார். தற்காப்பு வீரரும் அப்படித்தான். பக்கைத் தொடுவதற்கு முன்பே தோளுக்குமேல் இடமும் வலமும் திரும்பிப் பார்த்துவிடுவார். வருகிறவன் எந்தப் பக்கம், தன் துணைவர் எங்கே, முன்கள வீரர் யார் காலியாக நிற்கிறார் என்ற மூன்று விடைகளும் கையில் இருந்தால்தான் பக்கைத் தொட்ட நொடியில் அனுப்ப முடியும். தொட்ட பிறகு யோசிக்கிறவர் சுவரோடு நசுங்குவார்.

இப்படித் தன் பகுதியிலிருந்து பக்கை ஒழுங்காக வெளியே கொண்டுபோவதற்கு 'வெளியேற்றம்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். தொழில்முறை அணிகளின் தேர்வாளர்கள் தற்காப்பு வீரர்களிடம் முதலில் பார்ப்பவற்றில் இதுவும் ஒன்று. கோல் அடிக்கத் தெரிந்த பையன்கள் ஊருக்குப் பத்துப் பேர் கிடைப்பார்கள். நெருக்கடியில் பதற்றப்படாமல் பதினைந்தடி தூரத்துக்குச் சரியாக ஒரு பக்கைக் கொடுக்கத் தெரிந்தவன் அரிது.

கோல் அடிக்கிற காவலர்

தற்காப்பு வீரர் பின்னாலேயே நிற்க வேண்டியவர் என்ற எண்ணம் ஒருகாலத்தில் கனடாவிலேயே இருந்தது. அதை உடைத்தவர் பாபி ஓர் (Bobby Orr). பாஸ்டன் அணியின் தற்காப்பு வீரராக இருந்துகொண்டே 1970இலும் 1975இலும் என்.எச்.எல்.லின் மொத்த வீரர்களில் அதிகப் புள்ளிகள் (அடித்த கோலும் கோலுக்குச் செய்த உதவியும் சேர்ந்த கணக்கு) எடுத்தவராக வந்தார். அந்த இடத்திலிருந்து ஆடுகிற வேறெவரும் அதைச் செய்ததில்லை. இன்று கோலராடோ அணியின் கேல் மக்காரைப் பார்த்தால், அவர் எந்த இடத்து வீரர் என்றே சில நேரம் குழம்பும்.

இதனால் வந்த கெடுதலும் உண்டு. பெற்றோர்கள் தற்காப்பு வீரனையும் கோல் கணக்கால் அளக்கத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவும் விதிவிலக்கல்ல. "இன்று எத்தனை கோல்?" என்பதுதான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் முதல் கேள்வி. காவல்காரரிடம் போய், இன்று எத்தனை திருடனைப் பிடித்தாய் என்று தினமும் கேட்பது போன்றது அது.

துண்டு போட்ட இருக்கை

இப்போது டிராஃப்ட் விவகாரம். குழப்பம் அதிகமுள்ள இடம் இதுதான். கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

பஸ் நிலையத்தில் திருவண்ணாமலை பஸ் உள்ளே வருகிறது. நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாக ஒருவர் துண்டை எறிந்து இடம் போடுகிறார். அந்த இருக்கையில் வேறு யாரும் உட்காரக்கூடாது. அவ்வளவுதான் அந்தத் துண்டுக்குப் பொருள். டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்றோ, ஊர் போய்ச் சேர்ந்தாகிவிட்டது என்றோ பொருள் இல்லை. சில நேரம் துண்டு போட்டவரே இறங்கிப்போய் வேறு பஸ் ஏறிவிடுவதும் உண்டு. டிராஃப்ட் என்பது அணிகள் வீரர்கள்மேல் போடுகிற துண்டு. இந்த வீரரோடு ஒப்பந்தம் பேசும் உரிமை எங்களுக்கு மட்டும்தான் என்று மற்ற அணிகளுக்குச் சொல்வது.

அந்தத் துண்டும் இரண்டு பஸ்களில் போடப்படுகிறது. எங்கள் குடும்பம் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

முதலாவது இளையோர் லீக். கனடாவில் இந்த மட்டத்தில் மூன்று பெரிய லீக்குகள் இருக்கின்றன. டொராண்டோ பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாய்ப்பது ஓ.எச்.எல். எனப்படும் ஒன்டாரியோ ஹாக்கி லீக். இருபது அணிகள், பருவத்துக்கு 68 ஆட்டங்கள், பெரும்பாலும் 16 முதல் 20 வயது வரை. இதற்கான தேர்வில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளை எடுப்பார்கள். நம் பையன் எடுக்கப்பட்டது இதில், அதுவும் பின்வரிசைச் சுற்று ஒன்றில். இங்கே சம்பளம் என்று சொல்லத் தக்கது இல்லை. கைச்செலவுக்குப் பணமும் பிற்காலக் கல்லூரிப் படிப்புக்கு உதவியும் உண்டு. வேறு ஊர் அணிக்கு ஆட நேர்ந்தால் அந்த ஊரில் ஒரு குடும்பம் பையனைத் தங்கள் வீட்டில் தங்கவைத்து, சோறு போட்டு, பள்ளிக்கு அனுப்பும். நம் ஊர் விளையாட்டு விடுதியின் இடத்தில் அங்கே ஒரு வீடு. தங்கைக்கு இதைச் சொன்னபோது அவள் கேட்ட ஒரே கேள்வி, அந்த வீட்டில் ரசம் வைப்பார்களா என்பது.

இரண்டாவதுதான் என்.எச்.எல். தேசிய ஹாக்கி லீக்; 32 அணிகள். அவர்களுடைய டிராஃப்ட் ஆண்டுக்கொருமுறை, ஏழு சுற்று. ஒரு சுற்றுக்கு 32 பேர், ஆக 224 பேர். கனடா, அமெரிக்கா, சுவீடன், பின்லாந்து, ரஷ்யா எனப் பனி ஆடுகிற உலகம் முழுவதற்கும் இந்த 224 இடங்கள்தான். அந்த ஆண்டு செப்டம்பர் 15க்குள் 18 வயது நிறைந்திருக்க வேண்டும்.

இதில் எடுத்த பிறகும் பயணம் முடிவதில்லை. பையன் மறுபடியும் தன் இளையோர் அணிக்கோ கல்லூரி அணிக்கோ போய் ஆடுவான். பிறகு அணி விரும்பினால் தொடக்க ஒப்பந்தம் கிடைக்கும். அதற்குப் பிறகும் பெரும்பாலானவர்கள் முதலில் போவது ஏ.எச்.எல். என்ற அடுத்த படி லீக்குக்குத்தான். ஒவ்வொரு என்.எச்.எல். அணிக்கும் அங்கே ஓர் இணை அணி உண்டு. மேலே யாருக்காவது அடிபட்டால் கீழிருந்து அழைப்பு வரும். பத்து நாளில் திருப்பி அனுப்பவும் செய்வார்கள். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்த அன்றே யாரும் அறுவை சிகிச்சை மேசைக்குப் போவதில்லை.

கல்லூரி வழியைப் பற்றி ஒரு வார்த்தை. நீண்ட காலமாக, ஓ.எச்.எல். போன்ற லீக்கில் ஆடியவர்களை அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியில் சேர்க்க மாட்டார்கள். பதினாறு வயதில் ஏதாவது ஒரு கதவைத் தேர்ந்தெடுக்க வேண்டும், மற்றது மூடிவிடும். 2025 ஆகஸ்டிலிருந்து அந்தத் தடை நீங்கியது. இப்போது இளையோர் லீக்கில் ஆடிவிட்டுக் கல்லூரிக்கும் போகலாம். மெதுவாக வளர்கிற பிள்ளைகளுக்கு இது பெரிய ஆறுதல். பெற்றோர்களிடம் இதைச் சொன்னால், எந்தத் தேதியில் டிராஃப்ட் என்றுதான் திருப்பிக் கேட்கிறார்கள்.

இதுவரை பார்த்த வரிசை: இளையோர் தேர்வு, இளையோர் லீக் அல்லது கல்லூரி, என்.எச்.எல். டிராஃப்ட், ஒப்பந்தம், ஏ.எச்.எல்., அதன் பிறகு என்.எச்.எல். ஒவ்வொரு படியிலும் இறங்கிவிடுகிறவர்களே அதிகம்.

ஜனவரிப் பிள்ளை, நவம்பர்ப் பிள்ளை

நம் பையன் நவம்பரில் பிறந்தவன். இது ஜாதக விஷயம் அல்ல; ஹாக்கியில் உண்மையிலேயே கணக்கில் வருகிறது. கனடாவில் வயதுப் பிரிவுகளை ஜனவரி 1 முதல் பிரிக்கிறார்கள். ஜனவரியில் பிறந்தவனும் அதே ஆண்டு நவம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. ஒன்பது வயதில் பத்து மாத வித்தியாசம் என்பது ஓரிரண்டு அங்குல உயரம், சில கிலோ எடை. பயிற்சியாளர் பெரியவனைத் தேர்ந்தெடுக்கிறார். அவனுக்குக் கூடுதல் பயிற்சி, கூடுதல் ஆட்டம். சில ஆண்டுகளில் அவன் உண்மையிலேயே திறமைசாலி ஆகிவிடுகிறான். ரோஜர் பார்ன்ஸ்லி என்ற கனடிய உளவியலாளர் 1980களில் இதைக் கவனித்து எழுதினார். பெரிய லீக் வீரர்களின் பிறந்த மாதங்களை எண்ணிப் பார்த்தால் ஆண்டின் முதல் மாதங்கள்தான் நிரம்பி வழிந்தன. நானும் பள்ளி அணி தேர்ந்தெடுத்தபோது உயரமான பையனைத்தான் முதலில் கூப்பிட்டிருக்கிறேன். அவர்களில் எத்தனை பேர் வெறுமனே சில மாதம் மூத்தவர்கள் என்று அப்போது எண்ணிப் பார்த்ததில்லை.

ஆனால் ஒரு வேடிக்கை இருக்கிறது. என்.எச்.எல். டிராஃப்டுக்குச் செப்டம்பர் 15 எல்லை. நவம்பரில் பிறந்தவன் அந்த எல்லையைத் தவறவிடுவதால், தன் வகுப்புத் தோழர்களைவிட ஓராண்டு கழித்துத்தான் டிராஃப்டுக்கு வருவான். ஜனவரிக் கணக்கில் குழுவிலேயே இளையவன், செப்டம்பர்க் கணக்கில் மூத்தவன். உடம்பு நிறைய, ஆட்டம் பழக, அவனுக்கு ஒரு பருவம் கூடுதலாகக் கிடைக்கிறது. எங்கள் பையன் விஷயத்தில் "அடுத்த வருடம் என்.எச்.எல்." என்று பேசினார்களே, அந்த டிராஃப்ட் மேடைக்கே அப்போது மூன்று ஆண்டு பாக்கி.

நெட்டைத் தென்னை

அணைக்கட்டு, பள்ளிகொண்டா பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். குட்டை ரகத் தென்னை மூன்று நான்கு வருடத்தில் பாளை விடும். நெட்டை ரகம் ஆறேழு வருடம் காக்க வைக்கும். ஐந்தாம் வருடத்தில் நெட்டையைப் பார்த்து, இது காய்க்காத மரம் என்று வெட்டுகிறவன் விவசாயி அல்ல. ஹாக்கியில் முன்கள வீரர்கள் பலர் குட்டை ரகம். தற்காப்பு வீரர்கள் பெரும்பாலும் நெட்டை.

காரணம் புரியாத ஒன்றல்ல. முன்கள வீரர் ஒருவர் பக்கைத் தவறவிட்டால் அவருக்குப் பின்னால் இரண்டு தற்காப்பு வீரர்களும் கோல்கீப்பரும் இருக்கிறார்கள். தற்காப்பு வீரர் தவறவிட்டால் பின்னால் இருப்பது கோல்கீப்பர் மட்டும். ஆகவே பத்தொன்பது வயதுப் பையனைப் பயிற்சியாளர் நம்பி இறக்கத் தயங்குவார். இறக்காவிட்டால் அவன் கற்றுக்கொள்வது எங்கே? அதற்காகத்தான் ஏ.எச்.எல். அது தவிர, இந்த வேலைக்கு வேண்டியது பெரும்பகுதி வாசிப்பு. எதிரணி மூவர் எப்படி வந்தால் எதைச் செய்வார்கள் என்ற வாசிப்பு. அது ஆயிரக்கணக்கான முறை பார்த்த பிறகே வரும். கோலுக்கு முன்னால் இருபத்தெட்டு வயது ஆளோடு முட்டி மோதி நிற்க உடம்பும் முற்ற வேண்டும்.

53, 54, 56. டவுன் பஸ் எண்கள் மாதிரி இருக்கிறதல்லவா? மூன்று தற்காப்பு வீரர்கள் டிராஃப்டில் எடுக்கப்பட்ட வரிசை எண்கள் இவை. 1989இல் 53ஆவதாக டெட்ராய்ட் அணி எடுத்த சுவீடன்காரர் நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம். 2002இல் 54ஆவதாகச் சிகாகோ எடுத்த டங்கன் கீத். 1996இல் 56ஆவதாக நியூயார்க் ஐலண்டர்ஸ் எடுத்த ஸ்லோவாக்கியர் ஸ்டெனோ காரா. மூவருமே அன்று பெரும்பாலான அணிகள் ஒருமுறையாவது தாண்டிப்போன பெயர்கள்.

ஆண்டின் சிறந்த தற்காப்பு வீரருக்கு நாரிஸ் கோப்பை என்று ஒரு பரிசு இருக்கிறது. லிட்ஸ்ட்ரோம் டிராஃப்டுக்குப் பிறகும் இரண்டு ஆண்டு சுவீடனிலேயே ஆடிவிட்டு 1991இல்தான் அமெரிக்கா வந்தார். ஏழு முறை நாரிஸ் வாங்கினார். முதல் முறை வாங்கும்போது வயது 31. கீத் இரண்டு பருவம் ஏ.எச்.எல்.லில் கிடந்து 2005இல் மேலே வந்தார். இரண்டு நாரிஸ், மூன்று ஸ்டான்லி கோப்பை (என்.எச்.எல். சாம்பியன் அணிக்கான கோப்பை). 6 அடி 9 அங்குல உயரமுள்ள காரா நாரிஸ் வாங்கியது 32 வயதில். தற்காப்பு வீரர் வேறெவரும் ஆடாத அளவுக்கு 1,680 ஆட்டங்கள் ஆடி 2022இல்தான் ஓய்ந்தார். மூவருக்குமாகப் பத்து நாரிஸ். மார்க் ஜியோர்டானோ கதை இன்னும் ஒரு படி மேல். அவரை டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை. 2019இல் 35 வயதில் நாரிஸ் வாங்கினார்.

சீக்கிரம் காய்த்தவர்களும் இருக்கிறார்கள், மறைக்கக்கூடாது. ஆரன் எக்ப்ளாடுக்குப் பதினைந்து வயதிலேயே ஓ.எச்.எல். சிறப்பு அனுமதி கொடுத்தது. 2014 டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டு, அதே ஆண்டு பதினெட்டு வயதில் என்.எச்.எல்.லில் ஆடி, சிறந்த புதுமுக வீரர் பரிசும் வாங்கினார். ஆனால் கேல் மக்காரைப் பாருங்கள். 2017இல் நான்காவது ஆளாக எடுக்கப்பட்ட பிறகும் இரண்டு ஆண்டு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக அணியில் ஆடிவிட்டே வந்தார். 2022இல் நாரிஸ், ஸ்டான்லி கோப்பை இரண்டும் அவர் கையில். அவசரப்படாமல் இருப்பதற்கு மெதுவானவனாக இருக்க வேண்டும் என்பதில்லை.

இப்போது பையன்

செப்டம்பர் வாக்கில் அவனைத் தேர்ந்தெடுத்த ஓ.எச்.எல். அணி பயிற்சி முகாமுக்கு அழைத்தது. சில நாள் கழித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னும் ஒரு பருவம் உள்ளூர் அணியில் ஆடு, பின்னோக்கிய வேகத்தைக் கூட்டு, அடுத்த ஆண்டு மறுபடியும் வா என்றார்களாம். வாட்ஸ்அப் குழுவில் இழவு விழுந்த வீட்டு அமைதி. குடியாத்தத்துக்காரர் மட்டும், "படிப்பைக் கவனிக்கச் சொல்லுங்கள்" என்று ஒரு வரி போட்டார். பையனுக்கு வருத்தம் இருந்ததா என்று அவன் அம்மாவிடம் கேட்டேன். திரும்பி வந்த அன்றிரவு ஒழுங்காகச் சாப்பிட்டான், மறுநாள் காலை ஐந்து மணிக்குத் தானே எழுந்து பையைத் தூக்கிக்கொண்டான் என்றாள்.

போன வாரம் புதிய காணொளி வந்தது. தங்கையும் நானும் சேர்ந்து பார்த்தோம். ஒரே ஒரு ஷிஃப்ட். எதிரணி வீரன் ஒருவன் நடுக்களத்திலிருந்து பாய்ந்து வருகிறான். நம் பையன் அவனைப் பார்த்தபடி பின்னோக்கிச் சறுக்குகிறான். மட்டை முன்னால் நீண்டிருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகச் சுவர்ப் பக்கம் சாய்க்கிறான். நீலக்கோடு வருகிறது. வந்தவனுக்கு வழி இல்லை. பக்கை மூலைக்கு அடிக்கிறான். பையன் திரும்புகிறான், தோளுக்குமேல் ஒரு பார்வை இடம், ஒரு பார்வை வலம், பக்கைத் தொட்டு நடுவில் நிற்கும் துணைவனுக்குக் கொடுக்கிறான். பிறகு போய் இருக்கையில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறான். நாற்பது நொடிகூட ஆகவில்லை.

"ஒன்றுமே நடக்கவில்லையே அண்ணா?" என்றாள் தங்கை.

"ஆமாம். அவன் பக்கத்தில் ஒன்றுமே நடக்கவில்லை" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு காணொளியை மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டாள்.